எத்தனை வருஷம் ஆனா அது பழம்பொருள்?

பழைய சாமான் வாங்குற வியாபாரிங்க இப்ப ரெண்டு தினுசா வர்றாங்க. ஒருத்தர் நமக்குப் பழக்கமானவர். மூணு சக்கர வண்டி, ஒலிபெருக்கி, பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர். எடைக்குக் காசு கொடுப்பார். இன்னொருத்தர் கார்ல வர்றார். அவர் எடை போடுறதில்ல. திண்ணைத் தூணைத் தட்டிப் பார்ப்பார். பத்தாயத்துப் பூட்டைப் போன்ல படம் எடுத்து யாருக்கோ அனுப்புவார். ஊறுகா ஜாடியைக் கவுத்து அடியில முத்திரை இருக்கான்னு பார்ப்பார். கடைசியா ஒரு கேள்வி கேப்பார்: "இது நூறு வருஷம் இருக்குமா சார்?"

சேத்தியாத்தோப்பைச் சுத்தியுள்ள ஊர்களுக்கு இவங்க வர்ற நேரத்தையும் கவனிச்சிருக்கேன். சம்பா நடவுக்குக் கையில காசு இல்லாத புரட்டாசி, ஐப்பசியிலதான் அதிகம் வர்றாங்க. எங்க தெருவுலயே போன நடவு சமயத்துல ஒரு பத்தாயமும் ரெண்டு நிலைக்கதவும் போச்சு. வித்தவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். உரக்கடைக்கு நாள் சொல்லிட்டா நாமளும் அப்படித்தான் செய்வோம். ஆனா அந்த "நூறு வருஷம்" யாரு வச்ச கணக்கு, 99 வருஷம் ஆன பொருளுக்கு என்ன குறைஞ்சு போச்சுங்கறது மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. கிடைச்சதை எல்லாம் படிச்சேன். படிச்சதுல நமக்கு உபயோகமானதை இங்க எழுதுறேன்.

முதல்ல சட்டம். நம்ம நாட்டுல இதுக்குன்னு இருக்கிறது 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம். 1976 ஏப்ரல் 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதுல நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள், கட்டடத்துல இருந்து பெயர்த்தெடுத்த பாகம், பழங்காலத்துத் தொழில், மதம், பழக்கவழக்கம் இதையெல்லாம் காட்டுற பொருள்னு பெரிய பட்டியலே இருக்கு. இதுல எதுவா இருந்தாலும் 100 வருஷத்துக்குக் குறையாம இருந்திருக்கணும். அப்பத்தான் அது சட்டப்படி தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, ஆவணம்னா மட்டும் 75 வருஷம் போதும். அதுவும் எல்லாக் காகிதமும் இல்ல, வரலாறு, இலக்கியம், அறிவியல், அழகுன்னு ஏதாவது ஒரு மதிப்பு இருக்கிற ஆவணம்.

இதை வச்சு எங்க வீட்டைப் பார்த்தேன். தாத்தா பேர் வெட்டின வெண்கலக் குண்டான் ஒண்ணு இருக்கு. கல்யாணச் சீரா வந்தது, விளிம்புல 1938-ன்னு வெட்டியிருக்கு. அது 2038-லதான் நூறைத் தொடும். ஆனா 1931-ல ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத் தாள்ல எழுதின நிலக் கிரயப் பத்திரம் 2006-லயே 75-ஐத் தாண்டிடுச்சு. குண்டான் இன்னும் பாத்திரம்தான், காகிதம் தாண்டி நிக்குது. எங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் குண்டானைத்தான் பழசுன்னு சொல்லுவாங்க. பத்திரத்தைப் பீரோவுல வச்சிருக்கிறது பழசுங்கறதுக்காக இல்ல, வில்லங்கம் வந்தா காட்டணுமேன்னுதான்.

வயசே பார்க்காத இன்னொரு வகையும் அதே சட்டத்துல இருக்கு. அதுக்குக் கலைச்செல்வம்னு பேரு. இறந்துபோன ஒரு கலைஞரோட படைப்பை மத்திய அரசு அறிவிச்சுட்டா, அதுக்கு 100 வருஷம் ஆகணும்னு இல்ல. ராஜா ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில் இவங்க ஓவியங்கள் எல்லாம் அப்படி அறிவிச்சதுதான். உடனே சாமி ரூம்ல மாட்டியிருக்கிற லட்சுமி, சரஸ்வதி படத்தைக் கழட்டிப் பார்க்க வேண்டாம். அது அச்சடிச்சது.

சட்டம் வச்சதுக்கு முக்கியமான காரணம் ஒண்ணுதான். தொல்பொருள் நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது. மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேற யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறை. உள்நாட்டுல வியாபாரம் பண்ணவும் லைசென்ஸ் வேணும். கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் இதுல செஞ்ச சிற்பம், ஓவியம், படம் வரைஞ்ச சுவடி இந்த மாதிரி அறிவிச்ச வகைன்னா வீட்டுல வச்சிருக்கிறவங்களே பதிவு செய்யணும். அம்மி, உரல், மரக்காலுக்கெல்லாம் பதிவு கிடையாது. கார்ல வர்றவர்கிட்ட "லைசென்ஸ் இருக்கா"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். அன்னிக்கு அவர் டீகூடக் குடிக்கல.

ஆக, 100-ங்கறது சுங்கச் சாவடிக் கணக்கு. வெளிநாட்டுலயும் அது அப்படித்தான் வந்திருக்கு. அமெரிக்காவுல 1909-ஆம் வருஷத்து வரிச் சட்டம், 100 வருஷத்துக்கு மேல ஆன கலைப்பொருளை இறக்குமதி செஞ்சா தீர்வை இல்லைன்னு சொல்லிச்சு. அந்த நாட்டுப் பணக்காரங்க ஐரோப்பாவுல இருந்து கப்பல் கப்பலா வாங்கிக் குவிச்ச காலம் அது. 1930-ல அதை மாத்தி, 1830-க்கு முந்தினதுதான் பழம்பொருள்னு ஒரே வருஷத்துல ஆணி அடிச்சுட்டாங்க. அதோட விளைவு என்னன்னா, 1831-ல செஞ்ச நாற்காலி 1960-லயும் சட்டப்படி புது நாற்காலி. 1966-லதான் திரும்பவும் நகர்ற 100 வருஷக் கணக்குக்கு வந்தாங்க.

இலங்கையில 1940-ல போட்ட தொல்பொருள் சட்டமும் ஒரு தேதியில ஆணி அடிச்சதுதான். 1815 மார்ச் 2. கண்டி ராஜ்ஜியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன ஒப்பந்த நாள் அது. அதுக்கு முந்தினது தொல்பொருள். வயசைப் பார்க்காம, ராஜா இருந்தாரா போயிட்டாராங்கறதைப் பார்த்திருக்காங்க. எனக்கு அந்தக் கணக்கு ஒரு வகையில பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ல பெரியவங்க "ஜமீன் ஒழியறதுக்கு முன்னாடி", "வெள்ளத்துக்கு முன்னாடி"ன்னு தானே வருஷம் சொல்றாங்க.

யுனெஸ்கோ 1970-ல கலாசாரப் பொருள் கடத்தலைத் தடுக்க ஒரு உடன்படிக்கை போட்டப்பவும் கல்வெட்டு, நாணயம், முத்திரை, மரச்சாமான் இதுக்கெல்லாம் 100-ஐத்தான் வச்சது. 2001-ல கடலுக்கடியில கிடக்கிற பொருளுக்கும் அதே 100. 1912-ல மூழ்கின டைட்டானிக் கப்பல் 2012-லதான் அந்தப் பாதுகாப்புக்குள்ள வந்தது. இங்கிலாந்துல ஏற்றுமதி அனுமதிக்கு 50 வருஷத்துலயே கேள்வி ஆரம்பிச்சுடுது.

நம்ம நாட்டுல 1972-க்கு ரொம்ப முன்னாடியே, வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டத்துலயும் இந்த 100 இருக்குங்கறது படிச்சப்பதான் தெரிஞ்சது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். இன்னிக்கும் நடைமுறையில இருக்கு. நம்மள மாதிரி ஏர் ஓட்டுற ஆளுங்களுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட சட்டம் இதுதான். மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கிற, மதிப்புள்ள எதுவும் புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். 1878-ல 10 ரூபாய் பெரிய காசு. இன்னிக்கும் சட்டத்துல 10 ரூபாய்தான், அதனால வரப்புல ஒரு செப்புக்காசு கிடைச்சாலே கணக்குல வந்துடும். தகவல் வந்ததும் கலெக்டர் அறிவிப்புப் போட்டு, உரிமை கேட்டு யாராவது வர்றாங்களான்னு பார்ப்பார். அந்த இடத்துலதான் 100 வருது. இந்தப் பொருளைப் புதைச்சது நான், இல்லன்னா என் பாட்டன்னு ஒருத்தர் வந்து நின்னு, புதைச்சது 100 வருஷத்துக்குள்ளதான்னு கலெக்டருக்கும் தோணினா, சிவில் கோர்ட்டுக்குப் போய் உரிமையை நிரூபிக்க அவருக்கு அவகாசம் உண்டு. அதுக்கு மேல ஆனது, சொந்தக்காரன் இல்லாத பொருளா ஆயிடும். அப்புறம் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கறதா இருந்தா, பொருளோட மதிப்பும் அதுல அஞ்சுல ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கணும். சொல்லாம மறைச்சா பங்கும் போச்சு, ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு.

இதைப் படிச்சப்பதான் 100-க்கு ஒரு அர்த்தம் இருக்கிற மாதிரி எனக்குத் தோணிச்சு. தாத்தா சொன்னதை நாம கேட்டிருப்போம், தாத்தாவோட அப்பா சொன்னதைத் தாத்தா வழியா அரைகுறையாக் கேட்டிருப்போம். அதுக்கு மேல "இது எங்களது"ன்னு சொல்ல ஆள் இருக்காது. ஞாபகம் எங்க தீர்ந்து போகுதோ அங்க சட்டம் ஒரு கோடு போட்டிருக்கு. என் யூகம்தான் இது, வக்கீல் யாராவது மறுத்தா கேட்டுக்கறேன்.

சரி, 100 ஆச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா சொல்லிட மாட்டாங்களான்னு நானும் நினைச்சேன். ஆயிரக்கணக்கான வருஷம்னா சொல்லிடுவாங்க. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில முதுமக்கள் தாழிக்குள்ள கிடைச்ச நெல்லை கார்பன் முறையில சோதிச்சு, அது கி.மு. 1155-ன்னு 2021-ல தமிழக அரசு அறிவிச்சது. தாழிக்கு வயசு சொன்னது நெல்லுதான், பானை இல்ல. உயிரோட இருந்த பொருள்லதான் அந்தக் கார்பன் கணக்கு ஓடும். சுட்ட மண்ணுக்கு வேற வழி இருக்கு. களிமண்ணுல இருக்கிற நுண்மணல், சுத்தியிருக்கிற மண்ணுல இருந்து வர்ற கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து வச்சுக்கும். சூளையில வச்சுச் சுட்டா அந்தச் சேமிப்பு காலியாயிடும். அப்புறம் முதல்ல இருந்து சேரும். ஆய்வுக்கூடத்துல திரும்பச் சூடாக்கினா, சேர்ந்திருந்தது மங்கலான ஒளியா வெளிய வரும். அந்த ஒளியை அளந்து, கடைசியா எப்போ சுட்டதுன்னு கணக்குப் போடுறாங்க. பீங்கான் சூளைக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இதைப் படிக்க எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

ஆனா நம்ம கேள்விக்கு இது உதவாது. கடைசி 300 வருஷத்துக்குள்ள இருக்கிற பொருளுக்குக் கார்பன் கணக்கு தெளிவா வராது, ஒரே பொருளுக்கு ரெண்டு மூணு காலம் பொருந்தி வரும். சுடுமண் கணக்குலயும் முன்பின் வித்தியாசம் உண்டு. 95-ஆ 105-ஆன்னு பிரிக்கிற அளவுக்குக் கூர்மை கிடையாது. அதாவது, சட்டம் எந்த இடத்துல கோடு போட்டிருக்கோ சரியா அந்த இடத்துல விஞ்ஞானத்துக்குக் கண்ணு மங்கல். அப்ப எதை வச்சு முடிவு பண்றாங்க? வேலைப்பாடு, முத்திரை, எழுத்து, காகிதம், படம் இதை வச்சுத்தான்.

முத்திரையும் ஏமாத்தும். மங்களூர் ஓட்டுல 1865, 1868-ன்னு வருஷம் இருக்கும். பார்த்ததும் "ஒன்றரை நூற்றாண்டு ஓடு"ன்னு குதிப்பாங்க. பாசல் மிஷன்காரங்க மங்களூர் ஜெப்புவுல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது 1865. அல்புகர்க் கம்பெனி ஆரம்பிச்சது 1868. ஓட்டுல இருக்கிறது கம்பெனி பொறந்த வருஷம், ஓடு பொறந்த வருஷம் இல்ல. அதே ஓட்டுல காமன்வெல்த் டிரஸ்ட்னு பேர் இருந்தா அது முதல் உலகப் போருக்கு அப்புறம் சுட்டதுன்னு உறுதியாச் சொல்லலாம், அந்தக் கம்பெனி கைமாறினது அப்பத்தான்.

நாணயம் இன்னும் மோசம். 1818-ன்னு வருஷம் போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனின்னு எழுதின காசு உங்க ஊர்லயும் யார்கிட்டயாவது இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடிச்சதே இல்ல. பின்னாடி யாரோ கோயில் வில்லை மாதிரி அடிச்சது. நிஜமான 1835-ஆம் வருஷத்துக் காலணா கம்பெனிக் காசுதான், வயசும் 100-ஐ எப்பவோ தாண்டியாச்சு. ஆனா ஏராளமா அடிச்சதால பெரிய விலை கிடையாது. வயசும் விலையும் ஒரே ஏர்ல பூட்டின மாடுகள் இல்லைங்கறதுக்கு இதுவே சாட்சி. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம் கிடைக்கும்னு போன்ல வர்றதை நம்பி முன்பணம் கட்டினவங்களை எனக்குத் தெரியும். ரிசர்வ் வங்கி 2021-ல அறிவிப்பே கொடுத்தது: பழைய நோட்டு, காசு வாங்குற விக்கிற வேலையில நாங்க இல்ல, எங்க பேரைச் சொல்லிப் பணம் கேட்டா கொடுக்காதீங்கன்னு. அரிசியை இழுக்கிற இரிடியம் கலசம், அதை வாங்க வெளிநாட்டு விஞ்ஞானி காத்திருக்கார்ங்கறதும் இதே குடும்பம்தான். அந்தக் கலசத்துக்கும் கம்பெனி முத்திரைதான் குத்துறானுங்க. கம்பெனி பேர் இல்லாம நம்மாளு நம்ப மாட்டான் போல.

இப்ப நம்ம பக்கத்துக் கதைக்கு வர்றேன். விருத்தாசலம்னாலே முதிய மலைன்னுதான் அர்த்தம். முதுகுன்றம், பழமலைன்னு தமிழ்லயும் அதே பேர். பழமையைப் பேர்லயே வச்சிருக்கிற ஊர். அங்க பழமலைநாதர் கோயிலைக் கல்லால எடுத்துக் கட்டினது செம்பியன் மாதேவி, 10-ஆம் நூற்றாண்டுல. அந்தக் கோயில் சுவர் மாடத்துல இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையை 2004-ல ஆஸ்திரேலியாவுல சிட்னியில இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் காசு கொடுத்து வாங்கிச்சு. அடுத்த வருஷம் கான்பெராவுல இருக்கிற தேசியக் கலைக்கூடம், இதே கோயிலைச் சேர்ந்த பிரத்தியங்கிரா சிலையை வாங்கிச்சு. வித்தது நியூயார்க்ல கடை வச்சிருந்த சுபாஷ் கபூர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008-ல சுமார் 50 லட்சம் டாலருக்கு அதே கான்பெராவுக்கு வித்ததும் அவர்தான். ஸ்ரீபுரந்தான் நமக்கு ரொம்பத் தூரம் இல்ல. மீன்சுருட்டி தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் தெற்கே, கொள்ளிடக் கரை ஓரம்.

இந்தத் திருட்டுல வயசுக் கணக்கு எப்படி விளையாடியிருக்குன்னு பாருங்க. நம்ம துறைமுகத்துல கப்பல் ஏத்தும்போது சிலைகள் புதுசு. இப்ப செஞ்ச கைவினைப் பொருள்னு காகிதம், அதுக்கு நடுவுல நிஜமாவே புதுசாச் செஞ்ச பொம்மைகளும் கலந்திருக்கும். அங்க போய் இறங்கினதும் அதே சிலை சோழர் காலம், ஆயிரம் வருஷம். கடலைத் தாண்டுற சில வாரத்துல ஆயிரம் வயசு கூடிடுது. அங்கயும் ஒரு சிக்கல். 1970-ல யுனெஸ்கோ உடன்படிக்கை, 1972-ல நம்ம சட்டம். அதுக்கப்புறம் வெளிய வந்த பொருள்னா திருட்டுன்னு கேள்வி வரும். அதனால பொருள் அதுக்கு முன்னாடியே, 1970, 71 வாக்குல கைமாறி வெளிநாட்டுக்காரர் கைக்குப் போயிட்டதா ரசீது தயார் பண்ணினாங்க. சிலையில போலி இல்ல. வயசு சொன்ன காகிதத்துலதான் போலி.

பிடிச்சது ஆய்வுக்கூடம் இல்ல, போட்டோ. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-கள்ல இருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாப் போய் சிலைகளைக் கறுப்பு வெள்ளைப் படமா எடுத்து அட்டையில ஒட்டி வச்சிருந்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை அவங்க 1994-ல படம் எடுத்திருந்தாங்க. 71-லயே நாட்டை விட்டுப் போயிட்டதாச் சொன்ன சாமி 94-ல கோயில்லயே நிக்குது. விருத்தாசலத்துச் சிலைகளோட படமும் அந்தச் சேகரிப்புல இருந்தது. சிலை ஆர்வலர்கள் ஆஸ்திரேலியக் கலைக்கூடப் படத்தையும் அந்தப் பழைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கல்லுல இருந்த உடைசல், தழும்பு எல்லாம் ஒண்ணா இருக்குன்னு காட்டினாங்க. மூக்குல ஒரு சின்னச் செதில், விரல்ல ஒரு உடைப்புன்னு நாம குறைன்னு நினைக்கிறதுதான் அங்க அடையாளம் சொல்லிச்சு. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராஜரையும் அர்த்தநாரீஸ்வரரையும் நம்ம பிரதமர்கிட்ட ஒப்படைச்சார். பிரத்தியங்கிரா 2016-ல வந்தது. கபூரை 2011-ல ஜெர்மனியில பிடிச்சு, 2012-ல இங்க கொண்டுவந்தாங்க. கும்பகோணம் கோர்ட் 2022 நவம்பர்ல 10 வருஷம் தண்டனை கொடுத்தது.

இதுக்கும் முந்தின வழக்கு ஒண்ணு, பத்தூர் நடராஜர். பழைய தஞ்சாவூர் மாவட்டம். 1976-ல, அதாவது நான் மேல சொன்ன சட்டம் அமலுக்கு வந்த அதே வருஷம், ஒரு கூலித் தொழிலாளி கொட்டகை போட மண்ணு தோண்டும்போது மண்வெட்டியில இடிபட்டது. யாருக்கும் சொல்லல. சில நூறு ரூபாய்க்குக் கைமாறி, 1982-ல ஒரு கனடா கம்பெனி ரெண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கிச்சு. லண்டன் கோர்ட்ல வழக்கு நடந்தது. அந்த வழக்குல சிவபெருமானே ஒரு வாதி. சிலையில ஒட்டியிருந்த மண்ணு, கறையான் தடம் இதையெல்லாம் பத்தி நிபுணர்கள் சாட்சி சொன்னாங்க. அந்த மண்ணு எந்த ஊர் மண்ணுங்கறதுதான் கேள்வி. 1988-ல தீர்ப்பு நமக்குச் சாதகம், 1991-ல மேல்முறையீடும் தள்ளுபடி, சாமி ஊர் வந்தார். அங்கயும் சோழர் காலச் சிலையா இல்லையாங்கற சண்டை இல்ல. எந்த ஊர்ச் சிலை, யாருக்குச் சொந்தம்ங்கறதுதான் சண்டை. மண்வெட்டிக்காரருக்கு 1878-ஆம் வருஷத்துச் சட்டம் தெரிஞ்சிருந்தா, அவருக்கும் நியாயமா ஒரு தொகை வந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

மண்ணுக்குள்ள இன்னும் நிறைய இருக்கு. 2023 ஏப்ரல்ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல குடமுழுக்கு வேலைக்குக் குழி தோண்டினப்ப இருபதுக்கு மேல ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கு மேல தேவாரச் செப்பேடுகளும் வந்தது ஞாபகம் இருக்கும். பண்ருட்டி பக்கம் மருங்கூர்ல 2024-ல தொல்லியல் துறை அகழாய்வு நடத்தினாங்க. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டுல சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைச்சிருக்கு. ராஜேந்திர சோழன் அரண்மனையில சீனப் பீங்கான் புழங்கியிருக்கு. இன்னிக்கு அதே சாலையில வடக்க வந்து மேற்கால திரும்பினா விருத்தாசலத்துல அகல் விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கட்டையும் சூளையில வேகுது. இந்தப் பியூஸ் கட்டைக்கும் ஒருநாள் 100 ஆகும். அப்ப யாராவது கவுத்துப் பார்த்து முத்திரை தேடுவாங்க.

இங்க ஒரு சந்தேகம் வரும். வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டு. பராந்தகச் சோழன் காலத்துல வெட்டினது. ஆயிரம் வருஷம் தாண்டிடுச்சு. அதை யாரும் ஆன்டிக்னு சொல்றதில்ல. ஏன்னா இன்னும் பாயுது, மதகு திறந்தா நெல்லு விளையுது, 2004-ல இருந்து சென்னைக்குக் குடிக்கவும் போகுது. எங்க வீட்டு மரக்கால் ஏரியை விடச் சின்னப் பிள்ளை. 1956-ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபர்ல இருந்து கிலோவும் அப்புறம் லிட்டரும் படிப்படியா வந்ததோட அதுக்கு வேலை போச்சு. களத்துல கொஞ்ச காலம் ஓடிச்சு, 12 மரக்கால் ஒரு கலம்னு. அப்புறம் மூட்டைக் கணக்கு, இப்ப நேரடிக் கொள்முதல் நிலையத்துல எலெக்ட்ரானிக் தராசு. வேலை போன அன்னிக்கே அது காட்சிப் பொருளாயிடுச்சு. கார்க்காரர் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

விக்கக் கூடாதுன்னு நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல. காரைக்குடியில பழைய சாமானுக்குன்னே கடைத்தெரு இருக்கு, செட்டிநாட்டு வீட்டுச் சாமான் எல்லாம் அங்க வந்து நிக்குது. வாங்குறவங்களும் ஆசையாத்தான் வாங்குறாங்க. ஆனா அங்க நிக்கிற மரக்காலைப் பார்த்தா எந்த ஊர்க் களம், யார் வீட்டுது, எந்த மரம்னு ஒண்ணும் தெரியாது. வயசு மட்டும்தான் இருக்கும், அதுவும் கடைக்காரர் சொன்ன வயசு. விக்கிறதா இருந்தாலும் விக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் படம் எடுத்து, யாருது, எப்ப வந்தது, எதுக்குப் புழங்கினதுன்னு நாலு வரி எழுதி வச்சுக்கோங்க. பாத்திரத்துல வெட்டின பேரை ராவிட்டுக் கொடுக்கச் சொன்னா கொடுக்காதீங்க. கல்லுல, உலோகத்துல சாமி உருவம் எதுவா இருந்தாலும் விலை பேசுறதே கூடாது. மண்ணுல கிடைச்சா வி.ஏ.ஓ.கிட்டயோ தாசில்தார்கிட்டயோ எழுத்து மூலமாக் கொடுத்து, கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்கிக்கணும். சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுன்னு 1983-ல இருந்து போலீஸ்ல தனிப் பிரிவே இருக்கு.

எங்க ஊர்லயும் ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கு. பெரிய வரலாறு எதுவும் எழுதப்படாத கோயில். ஒரு கால பூஜை, பூட்டு மட்டும் பெருசு. பிரெஞ்சுக்காரங்க அங்க வந்து படம் எடுத்ததாத் தெரியல. பொங்கல் லீவுல தெருப் பசங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய், மாடத்துச் சிலை, தூண், நந்தி, வெளிய கிடக்கிற ஆவுடையார்னு ஒவ்வொண்ணையும் முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல போன்ல எடுக்கச் சொன்னேன். பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுத்தாங்க. தட்சிணாமூர்த்திக்கு இடது முழங்கால்ல விரல் அகலத்துக்கு ஒரு செதில் பெயர்ந்திருக்கு, அதைத் தனியா எடுத்தோம். இதுவரைக்கும் 64 படம். பூசாரி ஒருத்தர்கிட்ட ஒரு பிரதி, பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. கருவறைக்குப் பின்னாடி முள்ளு மண்டிக் கிடக்கு, உளுந்து எடுத்ததும் வெட்டிட்டு அந்தப் பக்கத்தை எடுக்கணும்.